குனிந்து காயெடுத்தால் சுகப்பிரசவமா?

“ஏலக்காட்டுக்குப் போறவளுக்குத் தனியா உடற்பயிற்சி எதுக்கு? நாள் பூரா குனிஞ்சு நிமிர்றா, பிள்ளை சட்டுனு பெறந்துரும்.” போடிநாயக்கனூர்ப் பக்கம் அம்மாச்சிகள் இப்படிச் சொல்வதுண்டு. அதில் பாதி சரி. கர்ப்பிணி அசையாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆனால் காயெடுப்பை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதுதான் தப்பு.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் பிடிக்கும் சரமோ தூரில், தரையோடு கிடக்கும். அதனால் மணிக்கணக்கில் குத்தவைக்க வேண்டும், முதுகை வளைக்க வேண்டும். ஈரச்சரிவு, வழுக்கும் சருகு, பொழுது சாய்ந்தால் பச்சைக்காய் மூட்டை. மூச்சு லேசாக வாங்கினாலும் பேச்சு தடைபடாத வேகம்தான் கர்ப்பிணிக்கு ஏற்ற பயிற்சி. அலுத்தால் அந்த நிமிடமே நிறுத்திக்கொள்ளலாம். தோட்டத்தில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கங்காணியிடம் இருக்கிறது. சிக்கலில்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிட மிதமான அசைவு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். பாரம் தூக்குவதும் நெடுநேரம் நிற்பதும் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றன என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கடைசி மாதங்களில் கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடும் வேலை தரக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தினக்கூலிக்கு ஜீப் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க முடியும் என்பது வேறு கதை. பூச்சிமருந்து அடித்த காட்டில் மட்டும் எந்த மாதத்திலும் கர்ப்பிணி இறங்கவே கூடாது.

ஜீப் குலுக்கலில் கரு கலைந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைபவை. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் அதற்குப் பொறுப்பில்லை. ஆளை அடைத்துக்கொண்டு பறக்கும் ஜீப் கவிழ்ந்தால்தான் ஆபத்து. பயப்பட வேண்டியது அதற்கு.

“நெறையத் தின்னா பிள்ளை பெருத்துரும்” என்று எட்டாம் மாதத்தில் சோற்றைக் குறைப்பது இன்னும் மோசம். தாயைப் பட்டினி போட்டுப் பிரசவத்தைச் சுலபமாக்க முடியாது. குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கலாம். முக்குவதற்குத் தாய்க்கும் தெம்பிருக்காது. பிரசவத்துக்கு உடம்பைத் தயார் செய்வது என்றால் என் கணக்கில் முதலில் இரத்தம், பிறகுதான் மற்றதெல்லாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை. நல்ல இரத்தமுள்ளவள் தாங்கிக்கொள்ளும் உதிரப்போக்கு, சோகையுள்ளவளின் உயிருக்கே உலை வைக்கும். செருப்பில்லாமல் ஈரமண்ணில் நிற்பவர்களுக்குப் பாதத்தோல் வழியே கொக்கிப்புழு ஏறி இரத்தத்தை உறிஞ்சும். நான்காம் மாதத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை அதனால்தான் தூக்கிப் போடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்கு முன் 180 நாள், பின் 180 நாள் விழுங்க வேண்டும். அதை டீயோடு சேர்த்துக் குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் ஏறாது. மலையில் டீ இல்லாமல் பொழுது நகராது, தெரியும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் போதும்.

குங்குமப்பூவால் பிள்ளை சிவக்காது. காசு மிச்சம்.

இனி பிரசவத்துக்குப் பின். அதுவரை நிற்கவிடாமல் வேலை வாங்கிய அதே வீடு, பிள்ளை பிறந்ததும் அவளை அசையவிடாமல் படுக்க வைக்கும். பிரசவத்தை ஒட்டிய ஆறு வாரங்களில் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். படுத்தே கிடந்தால் இன்னும் கூடும். சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, டாக்டர் சொன்னதும் எழுந்து மெல்ல நடக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“தண்ணி குடிச்சா வயிறு ஊதும்” என்று டம்ளரைப் பிடுங்குவது வீண் கொடுமை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், நீர்க்கடுப்பு வரும். முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி அளவுக்குக் கூடுதல் சாப்பாடும் வேண்டும். பத்தியச் சாப்பாட்டின் பூண்டிலும் சுக்கிலும் கருப்பட்டியிலும் எனக்குக் குறையில்லை. காயையும் பழத்தையும் பருப்பையும் தள்ளிவைப்பதில்தான் குறை.

வயிற்றில் துணி கட்டினால் தொப்பை போகுமா? நடக்கும்போது பிடிமானமாக இருக்கும், அவ்வளவே. விலகிய வயிற்றுத் தசைகளைத் துணி சேர்த்து வைக்காது. இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கும். கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள் அங்கேதான் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கின்றன. அவற்றுக்கான பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதி வெளியிட்டார். மூத்திரத்தை அடக்குவதுபோல அடியை உள்ளிழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, மூத்திரம் போகும்போது செய்து பார்க்கவும் கூடாது. கர்ப்பத்திலேயே தொடங்கினால் பின்னால் மூத்திரம் கசிவது குறைகிறது. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

நாற்பது நாளில் உடம்பு தேறிவிடும் என்பதற்கு ஓர் அடிப்படை உண்டு. பிரசவம் முடிந்ததும் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கர்ப்பப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. தசைகளுக்கும் ஆபரேஷன் தையலுக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. அவை மாதக்கணக்கில் தேறுபவை. நாற்பத்தோராம் நாள் மூட்டை தூக்கினால் அடி இறங்கும் அபாயம் உண்டு. தும்மினால் மூத்திரம் சொட்டுவதையும், அடியில் ஏதோ பிதுங்குவதையும் “பிள்ளை பெத்தா அப்பிடித்தான்” என்று மறைத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. மூன்று மாதம் ஆகியும் நிற்காவிட்டால் போடி அரசு ஆஸ்பத்திரியிலோ க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ காட்டலாம். பயிற்சியிலேயே பலருக்குக் குறைந்துவிடும். குறையாதவர்களுக்கும் சிகிச்சை இருக்கிறது.