முதல் போடுமுன் போக்கைக் கணியுங்கள்

சென்ற பருவத்தில் நல்ல விலை கிடைத்தது என்ற ஒரே காரணத்திற்காகக் கடன் பட்டு வலை வாங்குவோரும், இறால் குட்டை வெட்டுவோரும், கிணறு ஆழப்படுத்துவோரும் உண்டு. ஒரு பருவத்து விலையை நம்பிப் பல ஆண்டுக் கடனில் இறங்குவது ஆபத்தானது. நீண்ட காலப் போக்கைக் கணித்து முதல் போடும் முறையைப் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தைக் கொண்டு அறியலாம். பயிர் செய்யும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

ஏற்ற இறக்கம் வேறு, போக்கு வேறு

கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை வழிவழியாக உள்ளது. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் வலை கட்டும் உரிமை, முறை வைத்துச் சுற்றி வரும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்து விடாது. இன்று குறைந்தவருக்கு நாளை கிடைக்கும். ஏற்ற இறக்கத்தை ஊரே பங்கிட்டுக் கொள்ளும் சிறந்த ஏற்பாடு இது.

ஆனால் ஏரியோ ஆண்டுதோறும் தூர்ந்து வருகிறது. அதன் சராசரி ஆழம் இன்று சுமார் 1 மீட்டர்தான். ஆரணியாற்றில் நீர்வரத்து குறையும் கோடையில், கடல் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தைக் குறுக்கி விடுகிறது. இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வழி அடைபட்டால் இறால் வரத்து குறையும். இந்தக் குறை எல்லோரையும் ஒருசேரத் தாக்கும். பாடு முறை இருப்பதைப் பங்கிடுமே தவிர, குறைந்து வருவதைப் பெருக்காது. ஆகவே போக்கைத் தனியே கணிக்க வேண்டியுள்ளது.

கணிக்கும் முறை

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுதோறும் வரவு, செலவு, விலை, மழை, முகத்துவாரம் அடைபட்ட மாதம் ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். மும்மூன்று ஆண்டுகளுக்குச் சராசரி பார்க்க வேண்டும்.

உதாரணமாக, ஒருவரது ஆறு ஆண்டு நிகர வருமானம் முறையே 40, 56, 36, 42, 30, 45 ஆயிரம் ரூபாய் எனக் கொள்வோம். கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் வருமானம் 30லிருந்து 45 ஆக உயர்ந்ததாகத் தோன்றும். முதல் மூன்று ஆண்டுகளின் சராசரி 44. அடுத்த மூன்று ஆண்டுகளின் சராசரி 39. உண்மையில் வருமானம் இறங்குமுகமாக உள்ளது.

விலை காட்டாத அறிகுறிகள்

விலையை மட்டும் பார்த்தாலும் போதாது. 1990களின் தொடக்கத்தில் நல்ல விலையை நம்பிக் கிழக்குக் கடற்கரையில் வரி இறால் பண்ணைகள் பெருகின. 1994 முதல் வெள்ளைப்புள்ளி நோய் பரவிப் பெரும் நஷ்டம் ஏற்பட்டது. 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009ல் வனாமி இறால் வளர்க்க அனுமதி கிடைத்தபின், வரி இறால் பெரும்பாலும் அதற்கு இடம் கொடுத்தது. பண்ணைகளின் நெருக்கம், கழிவு நீர், அக்கம்பக்கத்துக் கிணறுகள் உப்பாவது பற்றிய புகார்கள் ஆகியவை விலை நன்றாக இருந்தபோதே தெரிந்த அறிகுறிகள்.

எதற்கு எவ்வளவு காலம் பார்ப்பது?

பணம் எத்தனை காலம் முடங்குமோ, அத்தனை காலத்துப் போக்கைப் பார்ப்பது நலம். இளகிய ஓடுள்ள சேற்று நண்டுகளை வாங்கி, மூன்று நான்கு வாரம் இரை கொடுத்து, ஓடு கெட்டியானதும் விற்பவருக்கு அந்தப் பருவத்து விலை நிலவரமே பெரும்பாலும் போதும். இயந்திரப் படகு வாங்குபவர் பத்து ஆண்டுப் போக்கைப் பார்க்க வேண்டும். அதுபோலவே, ஒரு போகம் நிலக்கடலை போடுவதும், தென்னந்தோப்பு வைப்பதும் ஒரே கணக்கல்ல.

போக்கு இறங்குமுகமாக இருந்தால் அதே தொழிலில் புதுக் கடன் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். கடன் தவணையை நல்ல ஆண்டின் வருமானத்தைக் கொண்டு நிர்ணயிக்காமல், கடைசி மூன்று ஆண்டுச் சராசரியைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். நல்ல ஆண்டில் மிஞ்சுவதில் ஒரு பகுதியை மாற்றுத் தொழிலைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க ஒதுக்கலாம்.

நண்டு, மீன், இறால் வளர்ப்பு பற்றிய தொழில்நுட்ப விவரங்களைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்திலும், அருகிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்திலும் கேட்டுப் பயன் பெறலாம். செல்லும்போது கணக்கு நோட்டையும் கொண்டு சென்றால் தம் நிலைமைக்கு ஏற்ற ஆலோசனையைப் பெறுவது எளிது.