விஷமூங்கில்: ஒரு பூச்செடி கற்பிக்கும் பாடம்



மாதா கெபியின் இருபுறமும் வாழைக்கன்று போல் அகன்ற இலைகளுடன் புதர் புதராக நிற்கும் செடியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். மாலையில் செபமாலைக்குக் கூடும்போது இனிய மணம் வீசுவதும், வெள்ளைப் பூக்கள் கொத்தாக விரிந்திருப்பதும் உங்களுக்குப் பழகிய காட்சி. அதை நாம் ‘லில்லி’ என்றே அழைத்து வந்தோம். அதன் தமிழ்ப் பெயர் விஷமூங்கில். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பெயரை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு. அதற்கு ஒரு காரணமும் உண்டு.

இங்கிருந்து இரண்டு பக்கக் கன்றுகளை எடுத்துப் போய் என் வீட்டு முற்றத்தில் நட்டிருந்தேன். சென்ற மழைக்காலத்தில் விடுமுறைக்கு வந்த என் தங்கை மகள், ஐந்து வயதுக் குழந்தை, கூட்டாஞ்சோறு விளையாட்டில் அதில் ஒரு சிறு கன்றைப் பிடுங்கினாள். அடியில் வெள்ளையாக, அடுக்கடுக்காக இருந்ததைக் கண்டு வெங்காயம் என்று எண்ணி நறுக்கினாள். ஒரு துண்டை வாயிலும் போட்டுக்கொண்டாள். சிறிது நேரத்தில் வாந்தி தொடங்கியது. மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆண்டவர் அருளால் குழந்தை நலமானாள்.

இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் சிலர், “பள்ளியிலுள்ள செடிகளையும் வேரோடு பிடுங்கிவிட வேண்டியதுதானே?” என்று கேட்டனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமானால் முதலில் செடியை அறிய வேண்டும்.

பெயரும் குடும்பமும்

விஷமூங்கிலின் தாவரவியல் பெயர் கிரைனம் ஏசியாட்டிகம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். அதற்கு முன்பே, 1678 முதல் 1693 வரை 12 பகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலில் மலையாளப் பெயரோடு இச்செடி இடம்பெற்றுவிட்டது. டச்சு ஆளுநர் வான் ரீட் உருவாக்கிய அந்நூலின் தொடக்கப் பணிகளில் உதவியவர் மத்தேயு என்னும் கார்மேல் சபைத் துறவி என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சூசையப்பர் கையிலும் அந்தோணியார் கையிலும் நாம் காணும் லீலி மலர் வேறு. அது லிலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. விஷமூங்கில் அமாரிலிடேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. 2009-ஆம் ஆண்டு முதல் தாவரவியலார் பின்பற்றும் வகைப்பாட்டின்படி வெங்காயமும் பூண்டும் இதே குடும்பத்தில் அடங்கும். ஆகவே அக்குழந்தையின் கண் முற்றிலும் ஏமாறவில்லை. உறவினரை உறவினராகவே கண்டது. வேறுபாட்டை அறிய மூக்கு வேண்டும். வெங்காயத்தையோ பூண்டையோ கிள்ளினால் அதற்குரிய காரவாடை வரும். விஷமூங்கிலில் அது இல்லை. அந்த வாடை இல்லாத குமிழம் எதுவும் சமையலறைக்கு உரியதன்று.

அமைப்பு

இதன் அடிப்பகுதி மண்ணில் புதைந்த பெரிய குமிழம். இலையடிகள் ஒன்றையொன்று தழுவி, வாழையில் உள்ளதுபோல் ஒரு பொய்த்தண்டாக மேலே எழுகின்றன. இலைகள் ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். இலைகளின் நடுவிலிருந்து தடித்த பூத்தண்டு கிளம்பி, நுனியில் குடை மஞ்சரியாகப் பல பூக்களைத் தாங்கும். ஒவ்வொரு பூவிலும் நீண்ட குழலும், ஒடுங்கிய ஆறு வெள்ளை இதழ்களும், செந்நீலக் காம்புடைய ஆறு மகரந்தத் தாள்களும் இருக்கும். மணம் இரவிலேதான் மிகுதி. வெள்ளை நிறம், நீண்ட குழல், இரவு மணம் இம்மூன்றும் நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சிகளை மகரந்தச் சேர்க்கைக்கு அழைக்கும் அழைப்பிதழ்கள்.

கடலோரத்துச் செடி

நம் கடத்தூரிலிருந்து கிழக்குக் கடற்கரை 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. விஷமூங்கிலோ கடற்கரை மணலுக்குரிய செடி. இந்தியப் பெருங்கடலின் கரைகளிலும் பசிபிக்கின் மேற்குக் கரைகளிலும் இயற்கையாகப் பரவியுள்ளது. அது பயணம் செய்யும் விதம் வியப்பானது. இதன் விதை பெரியது, சதைப்பற்றானது. தக்கை போல் நீரில் மிதக்கும். உப்பு நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் உணவும் விதைக்குள்ளேயே இருப்பதால், மேசைமீது வைத்த விதைகூட முளைவிடுவதைக் காணலாம்.

உப்புக்காற்று, வெயில், நீர்ப்பஞ்சம் ஆகியவற்றைத் தாங்கப் பழகிய செடியாதலால் நம் தருமபுரி மாவட்டத்து வறட்சியும் அதற்குப் புதிதன்று. குமிழத்தில் நீரையும் உணவையும் சேமித்து வைத்து மழைக்குக் காத்திருக்கும்.

நஞ்சு ஏன்?

வறண்ட நிலத்தில் நீர் நிறைந்த குமிழம் என்பது பசித்த விலங்குக்கு விருந்து. செடியால் ஓட முடியாது. முள்ளும் இதற்கு இல்லை. ஆகவே லைகோரின் முதலிய ஆல்கலாய்டுகளைத் தன் உடலெங்கும் தேக்கி வைத்திருக்கிறது. குமிழத்தில் அவை மிகுதி. உண்டால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். ஆடுமாடுகள் பொதுவாக இதை மேய்வதில்லை. ஆனாலும் லில்லி அந்துப்பூச்சியின் புழுக்கள் இந்த நஞ்சைப் பொருட்படுத்தாமல் இலைகளைக் கூட்டமாகத் தின்று தீர்க்கின்றன!

வாந்தி வரச்செய்யும் இதே குணத்துக்காக, 1868-இல் வெளியான இந்திய மருந்து நூலில் விஷமூங்கிலின் குமிழம் ஒரு மருந்தாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பனித்துளிப் பூச்செடியை ஆராய்ந்தபோது கிடைத்த காலன்டமின் என்னும் பொருள், முதியோரைத் தாக்கும் மறதிநோய்க்கு மருந்தாக 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்தா நஞ்சா என்பதைத் தீர்மானிப்பவை அளவும் அறிவும் ஆகும்.

இந்த உண்மையை நம் மாவட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்லவே வேண்டியதில்லை. குடிநீரில் சிறிதளவு ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நம் வயல்களில் விளையும் மரவள்ளியும் அப்படியே. அதன் இலையிலும் கிழங்கிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதற்காக மரவள்ளியை யாரும் ஒழித்துவிடவில்லை. தோலுரித்து நன்றாக வேகவைக்க வேண்டும், வாடாத தழையை ஆட்டுக்குப் போடக் கூடாது என்று நம் பாட்டிமார் நமக்குச் சொல்லிக் கொடுத்தனர்.

வளர்க்கும் முறை

1. மழைக்காலத் தொடக்கத்தில் தாய்ச்செடியின் அருகே வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். விதை மூலமும் வளர்க்கலாம். ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

2. நம் செம்மண்ணோடு மணலும் மக்கிய தொழுஉரமும் கலந்து குழியை நிரப்புக. தண்ணீர் தேங்கினால் குமிழம் அழுகும்.

3. குமிழத்தின் கழுத்து மண்ணுக்கு மேல் தெரியும்படி நடுக. செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி வேண்டும்.

4. வெயிலோ அரைநிழலோ போதும். கோடையில் வாரம் இருமுறை நீர் ஊற்றினால் செழிக்கும்.

5. புழுக்கள் கண்டால் காலையில் கையுறையுடன் பொறுக்கி அகற்றுக.

பாதுகாப்பு விதிகள்

1. வெங்காயம், பூண்டு, கீரை பயிரிடும் பாத்தியின் அருகே இதை நடவே கூடாது. பிடுங்கிய குமிழங்களைச் சமையலறையில் வைக்கக் கூடாது.

2. தவழும் குழந்தைகள், மழலை வகுப்பினர் விளையாடும் இடத்தில் வேண்டாம்.

3. கன்று பிரிக்கும்போதும் இலை வெட்டும்போதும் கையுறை அணிக. பின்பு கையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவுக.

4. யாரேனும் தின்றுவிட்டால் வாயில் எஞ்சியதைத் துப்பச் செய்து வாயைக் கொப்பளிக்கச் செய்க. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே 108-ஐ அழைத்தோ வேறு வண்டியிலோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. செடியின் ஒரு பகுதியையும் கையோடு எடுத்துச் செல்க. எங்கள் குழந்தைக்கு உடனே சரியான கவனிப்புக் கிடைக்க, நான் எடுத்துப்போன அந்த இலையே உதவிற்று.

5. திட்டுவார்கள் என்று அஞ்சி எந்தப் பிள்ளையும் மறைக்கக் கூடாது. பெற்றோர்களே, முதலில் மருத்துவம். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விடை

பிடுங்கிவிட வேண்டியதுதானா? விஷமூங்கிலைப் பிடுங்கினால் அரளியைப் பிடுங்க வேண்டும். ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். அப்போதும் வேலிக்கு வெளியே அவை நிற்கும். நம் பிள்ளைகள் அவற்றை அறியாதவர்களாகவே அவ்வழியே நடந்து போவார்கள். அறியாமையைப் பிடுங்குவதே பயனுள்ள வேலை.

அருட்சகோதரிகள் கலந்து பேசி எடுத்த முடிவும் இதுவே. மழலை வகுப்புக்கு அருகே இருந்த செடிகள் அகற்றப்பட்டன. கெபியின் பக்கம் இருப்பவற்றைச் சுற்றிச் சிறு கம்பிவேலி போடப்பட்டது. ‘விஷமூங்கில். பார்க்கலாம், முகரலாம், தின்னக் கூடாது’ என்று ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாத சிறுமியருக்கு அதை வாயால் சொல்லும் பொறுப்பு அக்காமார்களாகிய உங்களுடையது.

செய்து பாருங்கள்

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டையும் தெருவையும் சுற்றியுள்ள செடிகளில் பத்தைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் பெயர், பயன், நஞ்சுள்ள பகுதி ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாதவற்றைப் பாட்டியிடமும் தோட்டக்காரரிடமும் கேளுங்கள். எதையும் சுவைத்து அறிய முயல வேண்டாம். பள்ளி திறந்ததும் பட்டியலைக் கொண்டு வாருங்கள். என் வீட்டுப் பட்டியலை நான் எழுதி முடித்துவிட்டேன். முதல் வரியில் விஷமூங்கில் இருக்கிறது.