சட்டம் அறிவோம்: மோட்டார் சைக்கிள் மோதி உயிர் போனால் குடும்பத்துக்கு உள்ள உரிமை



பனி மூடிய வளைவுகளில் வேகமாக வரும் மோட்டார் சைக்கிள் மோதி நம்மவர்கள் இறந்துபோகும் செய்தியை அடிக்கடி கேட்கிறோம். சாவு வீட்டில் அழுகை ஓயுமுன்பே சிலர் வந்து, "செலவுக்கு இத வச்சுக்குங்க, கேஸ் கீஸ்னு அலைய வேணாம்" என்று கொஞ்சம் காசு கொடுத்துக் கையெழுத்துக் கேட்பதும் உண்டு. அந்த ஒரு கையெழுத்தால் பிள்ளைகளின் பல வருடச் சாப்பாடு போய்விடலாம். ஆகவே இந்தப் பாடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு

"பொலிஸ்ல கேஸ் போட்டாச்சு, இனி எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்று நினைப்பது தவறு. நீதவான் நீதிமன்றத்தில் பொலிசார் தொடரும் வழக்கு, ஓட்டியவரைத் தண்டிப்பதற்காக. அங்கே கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும். குடும்பத்துக்கு நட்டஈடு வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும்.

இதற்கு 2 வருட எல்லை உண்டு. 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் இதைச் சொல்கிறது. பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த 2 வருடத்தையும் இழந்துவிடக் கூடாது. விபத்து நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

காசு யார் தருவது?

கவனயீனமாக ஓட்டியவர் பொறுப்பு. முதலாளியின் வேலையாக ஓட்டியிருந்தால் முதலாளியும் பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம். ஆகவே "அவன்கிட்ட காசே இல்லையே" என்று விட்டுவிட வேண்டாம். வழக்குப் போடும்போது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அறிவித்தல் போயிற்றா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

நம் பிள்ளையே ஓட்டிப்போய்த் தன் பிழையால் விழுந்து இறந்தால் இந்த மூன்றாம் தரப்பு இன்சூரன்சில் காசு வராது. பஸ்ஸோ லொறியோ மோதியிருந்தால் அந்தத் தரப்பிடம் கேட்கலாம். இரு பக்கமும் பிழை இருந்தால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் பக்கப் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும். ஹெல்மட் போடாததும் இப்படிக் கணக்கில் வரலாம்.

எவ்வளவு கேட்கலாம்?

இறந்தவரின் உழைப்பில் வாழ்ந்த மனைவி, கணவன், பிள்ளைகள், வயதான பெற்றோர் கேட்கலாம். ஓர் உதாரணம்: 45 வயது அம்மா மாதம் 30,000 ரூபா உழைத்தார். தன் செலவு போக 20,000 ரூபா வீட்டுக்குக் கொடுத்தார். வருடத்துக்கு 240,000 ரூபா. இன்னும் 15 வருடம் உழைத்திருப்பார் என்றால் 36 இலட்சம். மொத்தமாக ஒரே தடவையில் கிடைப்பதால் நீதிமன்றம் இதைக் குறைக்கும். ஆனாலும் சாவுச் செலவுக்கென்று நீட்டும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

முன்பு பண நட்டத்துக்கு மட்டுமே நட்டஈடு இருந்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்காகவும் கேட்கலாம்.

வேலை நேரத்தில் வேலை காரணமாக நடந்த விபத்தானால், தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படியும் உரிமை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் வேலைக்குப் போய்வரும் வழியும் இதில் சேரும். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதிக் காசு இவற்றிலிருந்து வேறு. அதையும் மறக்காமல் எடுக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

1. வாகன இலக்கம், கண்டவர்களின் பெயர், விலாசம் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.
2. பொலிசிலும் மரண விசாரணையிலும் வாக்குமூலம் கொடுத்தால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். தமிழும் அரசகரும மொழிதான்.
3. மரணச் சான்றிதழ், பிரேத பரிசோதனை அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.
4. அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்று இருந்தால் சத்தியக்கடதாசி தேவைப்படும். இதை இப்போதே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, சரிபாருங்கள்.
5. சாவுச் செலவுக்கு உதவி வாங்கினால், "மரணச் செலவுக்கான உதவி மட்டும்" என்று எழுதியே வாங்குங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையா? வருமானம் குறைந்தவர்களுக்கு உதவவே 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு ஏற்படுத்தப்பட்டது. பத்திரங்களோடு அதன் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் தோட்டத் தலைவரையோ படித்த பிள்ளை ஒருவரையோ கூட்டிப் போங்கள்.

லயத்தில் கூடிப் பேச:

1. உங்கள் வீட்டில் எல்லோருடைய பெயரும் எல்லாப் பத்திரத்திலும் ஒரேமாதிரி இருக்கிறதா?
2. நட்டஈட்டு வழக்குக்கு எத்தனை வருடம் எல்லை?
3. தண்டப்பணம் யாருக்குப் போகிறது?