இறுதிச் சடங்கு சேவையில் இறங்குகிறீர்களா?

முதல் போட்டு ஐஸ் பெட்டி வாங்குவதற்கு முன், அனுபவமுள்ள ஒருவரிடம் சில மாதம் உதவியாளராக இருங்கள். உடலைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, துக்க வீட்டில் பேசுவது எல்லாம் அங்கேதான் பழகும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், 1 மாதம், 6 மாதம் என 3 தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் உடலைத் தொடாதீர்கள்.

ஐஸ் பெட்டியில் எர்த் இணைப்பு மிக முக்கியம். சுற்றிலும் உறவினர்கள் சாய்ந்து அழுவார்கள். மின்கசிவு இருந்தால் இன்னொரு உயிர் போகும். ஒவ்வொரு முறையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஆட்களை நெருங்க விடுங்கள். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் ஏற்பாடும் வேண்டும்.

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் போலீஸ் அனுமதியின்றி உடலை நகர்த்தக் கூடாது. மற்ற மரணங்களில் மருத்துவரின் இறப்புச் சான்றை முதலிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்; மயானத்தில் கேட்பார்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவுசெய்தால் கட்டணம் இல்லை என்பதையும் குடும்பத்துக்கு நினைவூட்டுங்கள்.

பெட்டி, வண்டி, பூ, ஆள்கூலி எல்லாவற்றுக்கும் கட்டணத்தைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். அழுதுகொண்டிருப்பவரிடம் பேரம் பேச வேண்டாம். பொறுப்பான உறவினர் ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். வசதியில்லாத வீடு என்றால், அரசு மருத்துவமனையின் இலவச அமரர் ஊர்தி பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள்.