வெள்ளந் தாங்கும் அணை: இங்கினியாகலையிற் கற்றவை

வெள்ளத்தடுப்பு என்பது வரும் நீரை முற்றாக மறித்து நிறுத்துதல் என்றே மாணவர் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. பெருகிவரும் நீரைச் சில நாள் தங்கவைத்து, கீழேயுள்ள ஆறு தாங்கத்தக்க அளவில் மெல்ல விடுதலே வெள்ளத்தடுப்பாகும். இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதினும் அணைக்கட்டின்மேல் நின்று காட்டுதல் எளிது எனக் கருதியே எம் மேல்வகுப்பு மாணவர் குழாத்தை இங்கினியாகலைக்கு அழைத்துச் சென்றோம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் உடன்வந்து விளக்கினார். ஆண்டுக் கேட்டவற்றுள்ளும் கண்டவற்றுள்ளும் மாணவர்க்குப் பயன்படுவன சிலவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

நம்மவர் பட்டிப்பளை ஆறு என்றும் சிங்கள மக்கள் கல்லோயா என்றும் வழங்கும் ஆற்றை மறித்து எழுந்தது இவ்வணை. வேலை 1949இல் தொடங்கிற்று. கட்டியது மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பெனி. ஏறக்குறைய 3,600 அடி நீளமான மண்ணணை அது. அதன் பின்னே பரந்துகிடக்கும் சேனநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். பாசனம், மின்வலு, வெள்ளத்தடுப்பு என மூன்று கடமைகள் அதற்கு விதிக்கப்பட்டன. இப்பள்ளத்தாக்கின் குடியேற்றமும், 1956 ஆனியில் இங்கே சிந்திய தமிழர் குருதியும் தனியே விரித்தெழுதப்பட வேண்டியவை; இக்கட்டுரை நீரை மட்டுமே நோக்குகின்றது.

ஏக்கர் அடி என்றாற் புரியாது விழித்த மாணவர்க்கு அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. அது 43,560 கன அடி. நூறு சதுர மைல் நிலத்திற் பத்து அங்குல மழை பெய்து முழுவதும் ஓடிவந்தால் 53,000 ஏக்கர் அடிக்குமேல் நீர் திரளும். இனி, ஆறு விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் பெருகினால் ஏறக்குறைய 20,000 ஏக்கர் அடி சேரும். பத்தாயிரம் ஏக்கர் அடிக்கே இடமுள்ள குளம் அரைநாளில் நிரம்பி வழியும். இச்சமுத்திரத்திற் காற்பங்கு வெறுமையாய் இருப்பின், ஒரு துளியும் வெளியே விடாமல் ஒன்பது நாளுக்குமேல் அவ்வெள்ளத்தைத் தாங்கும்.

காற்பங்கு வெறுமையாய் இருப்பின் என்றோம். சிக்கல் முழுவதும் அச்சொற்களிலேயே உள்ளது. வெள்ளத்தைத் தாங்கக் குளம் வெறுமையாய் இருத்தல் வேண்டும். வேளாண்மைக்கோ அது நிரம்பியிருத்தல் வேண்டும். மார்கழியில் நீரை வெளியேவிட்டுத் தை, மாசியில் மழை பொய்த்தாற் சிறுபோகம் பாழாகும். விடாது வைத்திருந்து பெருமழை கொட்டினால் அணைக்கே இடர் நேரும். கடலோரத் தாழ்நிலத்து ஊரொன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன், “ஐயா, கதவைத் திறந்தாலும் எங்களுக்கு வெள்ளம், திறவாவிட்டாலும் எங்களுக்கு வெள்ளமா?” என்று கேட்டான். பொறியியலாளர் நகைக்கவில்லை. முன்னதாகச் சிறிது சிறிதாகத் திறந்தால் வயல் நனையும், பிந்தி ஒருங்கே திறந்தால் வீடு போகும் என்றார். 2018 மார்கழியிற் கிளிநொச்சி வெள்ளத்தின்பின் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றி எழுந்த விவாதத்தை அறிந்தோர் இவ்விடையின் பொருளை நன்குணர்வர்.

கதவு என்றது வான்கதவை. வான் என்பது ஆகாயத்துக்கும் மழைக்கும் பெயராதலை நூல்களிற் கற்பிக்கின்றோம். நம் நாட்டு உழவரோ குளத்தின் மிகைநீர் வழியும் வாயிலுக்கும் அதனையே பெயராக்கினர். தமிழ்நாட்டார் கலிங்கு என்பர். மொழியாசிரியர் இதனைச் சொல்லாது செல்லுதல் இயலாது; பொறுத்தருள்க.

மண்ணணையின்மேல் நீர் வழிதல் ஆகாது. வழிந்தால் அது தன் மண்ணைத் தானே கரைத்துக்கொண்டு போகும். 1957 மார்கழிப் பெருவெள்ளம் நாச்சதூவக் குளத்தைச் சிதைத்தமையும், மறுவருடம் அது மீளக் கட்டப்பட்டமையும் முதியோர் அறிவர். எனினும், வழியாமலும் அணை உடையும். எம்மை அணையின் அடிவாரத்துக்கு அழைத்துச் சென்ற பொறியியலாளர் ஆங்குக் கசிந்த நீரைக் காட்டினார். மண்ணணை எதுவும் சிறிது கசியவே செய்யும். கசிவு தெளிந்திருக்குமட்டும் அச்சமில்லை. கலங்கி வருமாயின் உள்ளே மண் அரிபடுகின்றது என்று அறிதல் வேண்டும். மரவேரும் கறையான் புற்றும் எலி வளையும் அவ்வரிப்புக்கு வழிதிறப்பன. அணைச்சரிவில் மரம் வளரவிடாது புல்லை மட்டும் வளர்ப்பது அழகுக்காக அன்று. மாணவர் இருவர் அந்நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி வெயிலிற் பிடித்துப் பார்த்தனர், தெளிந்திருந்தது. 1986 சித்திரை 20ஆந் திகதி, மாரி கழிந்த காலத்தில், கந்தளாய்க் குளக்கட்டு விடியுமுன் உடைந்து, உறங்கிக்கிடந்தோர் நூற்றுக்குமேல் மாண்டதை அவர்களுக்கு அப்பொழுது கூறினோம்.

அணையின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அணைக்கு மேலே பெய்யும் மழையையே அது பிடிக்கும். 2011 தையிற் கிழக்குமாகாணம் முழுதும் கொட்டிய மழை போன்று வயல்வெளிமீதே பெய்யும் நீருக்கு எந்த அணையும் காவலன்று. அந்நீர் ஓடை வழியே வாவி சேர்ந்து, வாவி வழியே கடல் சேர வேண்டும். அதனாலேதான் மட்டக்களப்பில் மழை மிகுந்த நாளில் முகத்துவாரத்தின் மணற்றிட்டை வெட்டிவிடுகின்றனர். மாணவர் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அது. வரும் மாரிக்குள் அவர்களை ஆண்டு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.