உடைந்த சட்டியை வீசாதீர்கள், அதுதான் சாட்சி

கேள்வி: அக்கா, ஆலங்குடியில் வீட்டிலிருந்தே கேக்கும் ராகி பிஸ்கட்டும் செய்து விற்கிறேன். பலாப் பருவம் வந்தால் வடகாட்டுப் பழம் வாங்கிப் பலாப்பழ கேக் போடுவேன். அதற்குத்தான் ஆர்டர் அதிகம். அலுமினிய ட்ரேயில் அடி கருகுகிறதே என்று ஆன்லைனில் ஸ்டோன்வேர் பேக்கிங் டிஷ் இரண்டு வாங்கினேன், ஒன்று 1,850 ரூபாய். பிரித்தபோதே ஒன்றின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தது. ஆர்டர் அவசரத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்று ஐந்தாவது வாரம், ஓவனில் 180 டிகிரியில் இருக்கும்போதே 'டப்'பென்று இரண்டாகப் பிளந்துவிட்டது. மாவு முழுவதும் ஓவனுக்குள் வழிந்தது. கஸ்டமர் கேரில் கேட்டால், "திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், கெடு முடிந்துவிட்டது. நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை" என்கிறார்கள். வீட்டில் அவர், "சட்டி உடைஞ்சா உடைஞ்சதுதான், தூக்கிப் போடு" என்கிறார். மனசு கேட்காமல் துண்டுகளைச் சாக்கில் கட்டித் திண்ணையில் வைத்திருக்கிறேன். போட்டோ அனுப்பியுள்ளேன். வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அது உண்மையா? எனக்கு மாற்றுப் பாத்திரம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அந்தச் சாக்கை யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். உங்கள் வழக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில், பிளந்த ஓரம் பெரும்பாலும் புது சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக இருக்கிறது. ஆனால் அடிப்பக்க மூலையிலிருந்து இரண்டு விரல்கடை நீளத்துக்கு மட்டும் டீக்கறை போலப் பழுப்பு ஏறியிருக்கிறது. எண்ணெயும் வெண்ணெயும் ஊறி, சூட்டில் காய்ந்த கறை அது. ஒரே நாளில் அப்படி ஏறாது. அந்த இரண்டு விரல்கடை விரிசல் முன்பே இருந்தது, நீங்கள் கேக் சுட்ட ஒவ்வொரு தடவையும் அதற்குள் எண்ணெய் இறங்கியது, கடைசியில் மீதியும் விட்டுக்கொடுத்தது. படம் சொல்லும் கதை இதுதான்.

அந்த விரிசல் எங்கே பிறந்தது என்பதற்கும் அதே படத்தில் குறிப்பு இருக்கிறது. பாத்திரத்தின் மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சை கிளேஸ் என்பார்கள். சூளையில் அது உருகி ஓடிப் படியும். சூளைக்குப் போகும் முன்பே அடியில் வெடிப்பு இருந்திருந்தால், உருகிய கிளேஸ் அந்த வெடிப்பின் ஓரத்தில் மடிந்து உருண்டு நிற்கும். விரலை வைத்தால் வழுக்கும். பிறகு விழுந்த வெடிப்பாக இருந்தால் ஓரம் பிளேடு மாதிரி கூர்மையாக இருக்கும். உங்கள் படத்தில் அந்த மூலை உருண்டிருப்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில், கையைக் கிழித்துக்கொள்ளாமல், ஒரு பழைய துணியில் பிடித்து நீங்களே தடவிப் பாருங்கள். வழுக்கினால் சந்தேகமே வேண்டாம், அது சூளையிலேயே வந்த குறை. கூர்மையாக இருந்தால் மட்டும் ஒரு முடிவுக்கு வர முடியாது. சூளை ஆறும்போது விழுந்ததாகவும் இருக்கலாம், லாரியில் விழுந்ததாகவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையாகக் கேட்கிறேன், நீங்களும் மறைக்காமல் எண்ணிப் பாருங்கள். மாவு ஊற்றிய பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, நேராகச் சூடான ஓவனில் வைத்தீர்களா? வெளியே எடுத்த சூட்டோடு ஈரத்துணி மேலோ, தண்ணீர் பட்ட கல் மேடை மேலோ எப்போதாவது இறக்கினீர்களா? கேஸ் அடுப்பில் வைத்து வெண்ணெய் உருக்கினீர்களா? இதில் ஏதாவது நடந்திருந்தால் கம்பெனி சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கும். பெட்டியோடு வந்த தாளில் எச்சரிக்கை அச்சடித்திருந்தால் இன்னும் அதிகம்.

நம் வீட்டுப் பெண்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள், தப்பு அவர்கள் மேல் இல்லை. மண்சட்டியைப் பார்த்து வளர்ந்த கை நம்முடையது. மண்சட்டி நேர் நெருப்பில் நிற்கிறது, கொதிக்கும் குழம்போடு இறக்கி மண் தரையில் வைக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அதைவிடக் கெட்டியான, கனமான ஸ்டோன்வேர் இன்னும் அதிகம் தாங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பதோ தலைகீழ். மண்சட்டி குறைந்த சூட்டில் வேகிறது, 1,000 டிகிரிக்குள்தான். அதனால் உடம்பெல்லாம் நுண்ணிய துளைகள். ஒரு கீறல் கிளம்பினாலும் அடுத்த துளையில் போய் நின்றுவிடும். ஸ்டோன்வேர் 1,200 டிகிரிக்கு மேல் வேகிறது. மண்துகள்கள் உருகி ஒட்டி, தண்ணீர் குடிக்காத கல்லாகிவிடுகின்றன. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்குமே, அதுவும் இந்த இனம்தான். உப்பும் புளிப்பும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்றால் அதற்கு ஆகாது. சூடு உள்ளே மெல்ல மெல்லத்தான் பரவும். மேல்தோல் திடீரென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது உள்ளிருக்கும் சூடான உடம்பு விடாது. அந்த இழுபறியில் பிளந்துவிடும். உள்ளே ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு ஸ்டோன்வேர் சூளையில் சில வருஷம் வேலை பார்த்தவள் நான். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்களில் பலர் அந்த வட்டாரத்திலேயே தனிச் சூளை போட்டார்கள். நான் இருந்த சூளையில், ஆறிய பாத்திரம் ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிக் காதால் கேட்ட பிறகுதான் அலமாரியில் ஏற்றுவோம். கணீரென்றால் நல்லது. 'டொக்'கென்று மொக்கையாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது என்று தனியே எடுத்து வைப்போம். சந்தையில் பானை வாங்கும் பாட்டி செய்கிற அதே வேலைதான். உங்களிடம் மிச்சம் இருக்கும் சில்லுப் பாத்திரத்தை இப்போதே தட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு தட்ட வேண்டும், மேஜையில் வைத்துத் தட்டினால் சத்தம் அமுங்கிவிடும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது பாதி உண்மை. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது நிஜம். அதற்கு அடுத்த வரியை அவர் படிக்கவில்லை. சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ஓவனை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கேக் சுட்டுக் குடும்பம் நடத்தும் நீங்கள் நுகர்வோர்தான். புகாரில் இதை ஒரு வரியில் நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்கள், எதிர்த்தரப்பு கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஏழு நாள் கெடு என்பது, பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவதற்குத்தான். குறையுள்ள பொருளுக்கு அது கேடயம் ஆகாது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது. அதே விதிகளில், குறைதீர் அதிகாரி ஒருவரை அந்தத் தளம் நியமித்திருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்றும் இருக்கிறது. கஸ்டமர் கேரில் போன் எடுக்கிறவரிடம் பேசிப் பேசித் தொண்டை வற்ற வேண்டாம். அந்தத் தளத்தின் அடிப்பகுதியில் குறைதீர் அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் போட்டிருப்பார்கள். எழுத்தில் அனுப்புங்கள், தமிழில் எழுதினாலும் எழுதியதுதான். இப்படி இருக்கட்டும்:

"இந்த ஆர்டர் எண்ணில், இந்தத் தேதியில் வாங்கிய ஸ்டோன்வேர் பாத்திரம், இந்தத் தேதியில் 180 டிகிரி சூட்டில் ஓவனுக்குள்ளேயே பிளந்தது. உடைந்த பகுதியில் பழைய விரிசலின் கறை தெரிகிறது. படங்கள் இணைத்துள்ளேன். துண்டுகள் என்னிடம் உள்ளன, நீங்கள் வந்து பார்க்கலாம். இது தயாரிப்புக் குறை. முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், அல்லது உங்கள் செலவில் வேறு பாத்திரம் அனுப்புங்கள்."

இவ்வளவு போதும். கோபத்தையும், கெட்டுப்போன ஆர்டரின் கதையையும் இதில் சேர்க்க வேண்டாம். முகவரியில் புதுக்கோட்டை மாவட்டம் என்பதையும் பின்கோடையும் தவறாமல் எழுதுங்கள். குரு கோயில் இருக்கும் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடிக்கு உங்கள் மாற்றுப் பார்சல் போய் நின்றால் இன்னொரு மாதம் போய்விடும்.

துண்டுகளை அனுப்பச் சொன்னால், அவர்கள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளட்டும். கொடுப்பதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் ஒரு வெள்ளை வேட்டி மேல் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். பாத்திரத்தின் அடியில் உள்ள முத்திரை, பெட்டியில் ஒட்டிய லேபிள் இரண்டையும் எடுங்கள். தயாரித்தவர் பெயர், இறக்குமதி என்றால் எந்த நாடு, புகார் சொல்ல யார் என்பதெல்லாம் அந்த லேபிளில் இருந்தாக வேண்டும். வாங்கிக்கொண்டதற்கு ஒரு குறுஞ்செய்தியாவது வராமல் சாக்கைக் கையை விட்டு விடாதீர்கள்.

மாற்றுப் பாத்திரம் கேட்பதா, பணம் கேட்பதா? நீங்கள் மாற்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தைக் கேட்பேன். வெடிப்பு ஒரு பாத்திரத்தில் மட்டும் தவறி வந்ததென்றால் மாற்று நல்லதாகவே இருக்கும். மண் கலவையிலேயே கோளாறு என்றால், அதே தொகுதியில் வரும் அடுத்ததும் உடையும். சில கலவைகளில் சிலிக்கா கூடுதலாகி, சூளையில் கிரிஸ்டோபலைட் என்ற வடிவம் எடுத்துவிடும். சுமார் 220 டிகிரியில் அது திடீரென்று விரியும், ஆறும்போது திடீரென்று சுருங்கும். நம் ஓவன் சூடு எட்டுகிற இடம்தான் அது. வெளியிலிருந்து பார்த்து இதை யாரும் சொல்ல முடியாது. மாற்றுதான் வேண்டும் என்றால், பார்சல் பிரிப்பதை விடாமல் வீடியோ எடுங்கள், அங்கேயே தட்டிப் பாருங்கள், மொக்கைச் சத்தம் வந்தால் அன்றைக்கே திருப்புங்கள்.

எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். இந்த அளவுத் தொகைக்கு அங்கேயே முடிந்துவிடத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கும் மசியாவிட்டால் புதுக்கோட்டையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. 2025 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 1,850 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். உங்களுக்கு அது ஒரு வாரத்துச் சம்பாத்தியமாகக்கூட இருக்கலாம். கேளுங்கள்.

சில்லு பெயர்ந்த பாத்திரத்தைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிரித்த அன்று படம் எடுக்கவில்லை, ஐந்து வாரம் பயன்படுத்தியும் விட்டீர்கள். அது வரும்போதே அப்படித்தான் வந்தது என்று இப்போது காட்ட வழியில்லை. கடிதத்தில் ஒரு வரி குறிப்பிடுங்கள், அதற்காகத் தனியே சண்டை போட வேண்டாம். அதைவிட முக்கியம், அதில் இனி கேக் சுடாதீர்கள். சில்லு விட்ட இடத்திலிருந்து கிளேஸ் இன்னும் பெயரும். அது கண்ணாடித் தூள் மாதிரி, கேக்கில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கேக்கைக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். ஃபெவிக்விக், எம்-சீல் போட்டு ஒட்டுவதும் கூடாது. அந்தப் பசை எதுவும் ஓவன் சூட்டுக்கோ உணவுக்கோ ஆனதில்லை. அடியில் துளை போட்டுக் கற்றாழை வையுங்கள், நன்றாக வரும்.

கேள்வி: சந்தையில் சேலத்துக் கல்சட்டி வாங்கினேன். முதல் நாள் வத்தக்குழம்பு வைத்தபோதே கீறல் விழுந்துவிட்டது. பில் கிடையாது. மாற்றித் தருவார்களா?
– ஒரு வாசகர், கீரமங்கலம்

பதில்: பழக்காமல் அடுப்பில் ஏற்றிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கல்சட்டி மாக்கல்லில் குடைந்தது, சூளையில் வெந்ததல்ல. புதுச்சட்டியில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவிச் சில நாள் வைத்து, பிறகு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி ஊற்றி ஒரு வாரமாவது பழக்கிய பிறகுதான் அடுப்புக்குப் போக வேண்டும். அப்போதும் தீ சிறியதாக இருக்க வேண்டும். இதை விற்பவர் உங்களிடம் சொன்னாரா என்பதுதான் கேள்வி. சொல்லவில்லை என்றால் அடுத்த சந்தைக்குச் சட்டியோடு போய் அவரிடமே நேரில் கேளுங்கள். ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு உங்கள் போனில் இருக்கும், அதைக் காட்டுங்கள். பாதி விலைக்காவது வேறு சட்டி தருவார், சந்தைக்கு வருகிறவர் அடுத்த வாரமும் அதே இடத்தில் கடை போட வேண்டியவர்தானே. கீறல் ஓரம் வரை ஓடாமல் மேலாக மட்டும் இருந்தால் சட்டியை விட்டுவிட வேண்டாம். அடுப்பில் ஏற்றாமல், தயிர் உறை ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். கசிகிறதா என்று முதல் இரவு தண்ணீர் நிரப்பிக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.