தளிரும் முதிரிலையும்

தொல்காப்பிய மரபியல் மரத்தின் உறுப்புகளை எண்ணுமிடத்து இலை, முறி, தளிர் என வேறுபடுத்திக் கூறும். ஒளிச்சேர்க்கையிலும் இவ்வேறுபாடு உண்மை என்பதைப் பூசணிக் கொடியில் காண்கிறோம்.

மண்ணுக்கு மேல் வந்த வித்திலைகள் பசுமையுற்று உணவாக்கத் தொடங்கிவிடும். பின்வரும் தளிரோ, பச்சையம் இருந்தும் தன் தேவைக்குப் போதாமல், மூத்த இலைகளிடம் சர்க்கரை பெற்றே வளரும். ஏறத்தாழப் பாதியளவு விரிந்த பிறகே பெறுவதை விடுத்து வழங்குவதாக மாறும். முழு விரிவை எட்டும் வேளையில் அதன் ஆக்கம் உச்சம் கொள்ளும். பிஞ்சுகளை ஊட்டுவன அத்தகைய இலைகளே. நாளடைவில் தன் தழைச்சத்தை இளைய இலைக்கும் காய்க்கும் ஈந்து, ஒளிச்சேர்க்கை குன்றிப் பழுக்கும்.

நம்மிற் சிலரோ காய் பெருகுமென்றெண்ணி, நடுக்கொடியின் அகன்ற இலைகளையே கிள்ளுகிறோம்! கழிக்கத் தக்கவை மஞ்சளித்த அடியிலைகள் மட்டுமே.